ஃப்ரிஸ்கோல வீட்டு டேகேர்: ஃபுட் ப்ரோக்ராம்ல சேந்தா நம்ம சாப்பாடே போட முடியுமா?

தேன்மிட்டாய்_டெக்சஸ்
செப்டம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல வீட்டுலயே டேகேர் வச்சிருக்கேன். ஹெச்4 ஈஏடி, அதான் வீட்டுக்காரர் விசாவ வச்சு எனக்கு வந்த வேலை பெர்மிட், இருக்கு, ரெஜிஸ்டர்டு ஹோம், பேப்பர் எல்லாம் பக்கா. நாலு பசங்க வர்றாங்க, எல்லாம் மூணு நாலு வயசு, கூட என் பொண்ணும் அதே வயசு. மூணு தமிழ் வீடு, ஒரு தெலுங்கு வீடு, அதனால காலைல இட்லி இல்ல தோசை, மதியம் சாதம் சாம்பார் பொரியல் தயிர், சாயங்காலம் ஏதாவது பழம், இப்படியே நல்லா ஓடிட்டு இருக்கு. மளிகை விலை மட்டும் கழுத்த பிடிக்குது.

எங்க தெருல டேகேர் வச்சிருக்கற இன்னொரு அக்கா, மெக்சிகோக்காரங்க, "நீ ஏன் இன்னும் ஃபுட் ப்ரோக்ராம்ல சேரல, சாப்பாட்டுக்கு கவர்மெண்ட் காசு குடுக்குதே"ன்னு கேட்டாங்க. அப்புறம் தேடி பாத்தேன். சைல்ட் அண்ட் அடல்ட் கேர் ஃபுட் ப்ரோக்ராம், காசு யுஎஸ்டிஏ-வோடது (மத்திய அரசு விவசாயத் துறை), டெக்சஸ்ல அக்ரிகல்ச்சர் டிபார்ட்மெண்ட் நடத்துது, வீட்டு டேகேர்னா நேரா சேர முடியாது நடுவுல ஸ்பான்சர்னு நம்ம கணக்க பாத்து காச வாங்கித் தர்ற அமைப்பு ஒண்ணு வேணும், இவ்வளவு வரைக்கும் புரிஞ்சுது. ஒரு ஸ்பான்சருக்கு ஃபோன் போட்டா அந்தம்மா என் அட்ரஸ கேட்டுட்டு உடனே நீங்க டயர் 2, அதாவது வசதியான ஏரியாவுக்கு உள்ள பிரிவுன்னு சொல்லிட்டாங்க, ரேட் கம்மின்னும் சொன்னாங்க, அப்புறம் மீட், பால், கிரெய்ன்னு ஒரு லிஸ்ட் மெயில்ல வந்துச்சு, அத பாத்ததும் தலை சுத்துது.

என் சந்தேகம் என்னன்னா, எங்க வீடு சைவம், முட்டை கூட பசங்களுக்கு போடறதில்ல, இத வச்சுக்கிட்டு இதுல சேர முடியுமா? டயர் 2 காசுக்கு இந்த பேப்பர் வேலை தேவையா? என் வீட்டுக்காரர் வேற "கவர்மெண்ட் காசு எதுவும் தொடாதே, க்ரீன் கார்டுல பிரச்சனை வரும்"னு ஒரே பிடியா நிக்கறாரு. இன்னொண்ணு, ஒரு பையனோட அம்மா தினமும் டப்பால தயிர்சாதம் குடுத்து விடுவாங்க, அவன் அத தவிர எதையும் தொட மாட்டான், அத எப்படி கணக்கு காட்டறது? இதுல இருக்கறவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.


இர்விங்_அக்கா

வாம்மா. நான் இர்விங்ல ரொம்ப வருஷமா டேகேர் வச்சிருக்கேன், சைவ வீடுதான், ஃபுட் ப்ரோக்ராம்லதான் ஓடுது. உனக்கு ஒரே வார்த்தைல பதில் வேணும்னா நம்ம சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல, ஆனா அவங்க பாக்கறது தட்ட இல்ல, பையில ஒட்டியிருக்கற லேபிளையும் அளவு கப்பையும்தான். அத பிடிச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் பழகிரும்.

மொதல்ல மீட்னு பாத்து பயந்துராத. மீட் இல்லாட்டி மீட் ஆல்டர்னேட், அதுல பருப்பு கடலை பயறு டோஃபு சீஸ் தயிர் எல்லாம் வருது. மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் மதிய சாப்பாட்டுக்கு ஒன்றரை அவுன்ஸ் வேணும்ங்கறாங்க, வெந்த பருப்புன்னா ஒரு அவுன்ஸுக்கு கால் கப், அப்ப ஒரு பிள்ளைக்கு ஆறு டேபிள்ஸ்பூன் வெந்த பருப்பு ஆச்சு. இங்கதான் நம்மாளுக மாட்டிக்கிறது. நம்ம சாம்பார்ல ஒரு கரண்டிக்கு எவ்வளவு பருப்பு இருக்கும்னு நீயே யோசிச்சுப் பாரு, பாதிக்கு மேல தண்ணியும் புளியும்தான, ரசம்னா கேக்கவே வேணாம். அதனால நான் சாம்பார நம்பறதில்ல, பருப்ப கெட்டியா கடைஞ்சு தனியா போடுவேன், இல்லன்னா சுண்டல். சுண்டல்தான் இந்த ப்ரோக்ராமுக்கே செஞ்ச மாதிரி இருக்கும், கப்புல அளந்து போட்டா கேள்வியே கிடையாது. முழு கொண்டக்கடலை சின்னப் பிள்ளைகளுக்கு தொண்டைல சிக்கும், மசிச்சு குடு. ஒரே பருப்ப ஒரே வேளைல மீட்டுக்கும் காய்க்கும் ரெண்டுக்கும் காட்ட முடியாது, அதையும் மனசுல வச்சுக்க.

அடுத்து அரிசி. உன் வீட்ல சோனா மசூரியா பொன்னியா? எதுவா இருந்தாலும் இந்தியன் கடை பைய திருப்பி பாரு, பெரும்பாலும் என்ரிச்டுன்னு எங்கயும் போட்டிருக்காது. கிரெய்ன்னா ஒண்ணு முழு தானியமா இருக்கணும் இல்ல சத்து சேத்த என்ரிச்டு அரிசியா இருக்கணும், இது ரெண்டும் இல்லாத வெள்ளை அரிசிச் சோறு எவ்வளவு போட்டாலும் அவங்க கணக்குல சைபர். ஸ்பான்சர்ல இருந்து செக் பண்ண வந்த மானிட்டரம்மா நேரா சமையல்கட்டுக்குள்ள போயி அரிசி இருந்த எவர்சில்வர் தூக்க தெறந்து பாத்துட்டு "பை எங்க"ன்னுதான் கேட்டாங்க. டப்பால கொட்டிட்டா பைய தூக்கிப் போட்ராத, லேபிள் பக்கத்த வெட்டி ஒரு ஃபைல்ல சொருகி வை, ஃபோன்லயும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க. அமெரிக்கன் கடைல விக்கற சாதா லாங் கிரெய்ன் பைல என்ரிச்டுன்னு தெளிவா இருக்கும், கூடவே கழுவாதேன்னும் எழுதியிருக்கும், ஏன்னா அந்த சத்து மேல பூசினது, கழுவினா போயிரும். நம்மளுக்கு அரிசிய மூணு தண்ணி கழுவாம கை வருமா! நான் பேசாம பிரவுன் ரைஸுக்கும் கோதுமை ரொட்டிக்கும் மாறிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது முழு தானியம் அதிகமா இருக்கற அயிட்டம் குடுக்கணும்னு ரூல் இருக்கு, அதுவும் இதுலயே முடிஞ்சிருது. மூணு வயசுப் பிள்ளைக்கு வெந்த சோறு கால் கப் போதும், பெருசா ஒண்ணும் இல்ல.

இட்லியும் அதே கதைதான். இட்லி அரிசிக்கு என்ரிச்டு பை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பிரவுன் ரைஸ் போட்டு அரைச்சு எத்தன கிராம் தானியம் எத்தன இட்லின்னு ரெசிபி எழுதி ஸ்பான்சர்கிட்ட குடுத்து ஒத்துக்க வச்சேன், ஒரு அவுன்ஸ் கணக்குக்கு 16 கிராம் தானியம் இருக்கணும். கடை மாவுன்னா கம்பெனிக்காரன் கிட்டருந்து பேப்பர் கேப்பாங்க, அது கிடைக்காது, விட்டுரு.

தயிர். வீட்ல உறை ஊத்தின தயிர் செல்லாது. கடைல வாங்கின தயிர் மட்டும்தான், அதுலயும் சர்க்கரைக்கு லிமிட் இருக்கு, ப்ளெயின் வாங்கிட்டா அந்தக் கவலை இல்ல. அரை கப் தயிர் ஒரு அவுன்ஸ் மீட்டுக்கு சமம். ஆக வீட்டுத் தயிர், பொன்னி அரிசி போட்ட தயிர்சாதம்னா அந்த அம்மாவுக்கு அமிர்தம், ஃபாரத்துல ஒண்ணுமே இல்ல. அந்தப் பையன் டப்பா விஷயத்துக்கு இதுதான் பதில், வீட்லருந்து கொண்டு வர்ற சாப்பாட்ட நீ க்ளெய்ம் பண்ண முடியாது, அன்னிக்கு அவன் பேருக்கு அந்த வேளைய விட்டுரணும். ஆனா நீ தட்டுல எல்லாத்தையும் வச்சு குடுத்து அவன் தொடாம எந்திரிச்சுப் போனா அது கணக்குல வரும், பிள்ளை முழுசா தின்னுச்சான்னு யாரும் பாக்கறதில்ல, முழு அளவு பரிமாறினியாங்கறதுதான் கேள்வி. அந்த அம்மாகிட்ட பேசி கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாரு.

பால், ரெண்டு வயசுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் 1 பர்சென்ட் இல்ல ஃபேட் ஃப்ரீ, மதியத்துக்கு முக்கால் கப், எதுவும் கலக்காம. ஹார்லிக்ஸ் பூஸ்ட் போட்டா ஃப்ளேவர்டு பால் ஆயிரும், அஞ்சு வயசு முடியற வரைக்கும் அது கிடையாது. எண்ணெய் முங்கப் பொரிக்கறதும் கிடையாது, அதனால வடை பூரிய மறந்துரு, தோசைக்கல்லுல சுடறதுக்கு தடை இல்ல. கேக் குக்கீ மாதிரி இனிப்பு அயிட்டமும் கிரெய்ன்ல வராது. காய்க்கு கால் கப் பொரியல், பழத்துக்கு கால் கப், இதெல்லாம் நம்மளுக்கு சொல்லித் தரணுமா.


ப்ளேனோ_மணி

அக்கா சொன்னது எல்லாம் சரி ஆனா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும்ல. என் மனைவி டேகேர் நடத்துறாங்க, நாங்க சேந்துட்டு வெளிய வந்துட்டோம். டயர் 2-ல 2024-25-க்கு என்ன ரேட் வச்சாங்க தெரியுமா, காலை சாப்பாடு 60 செண்ட், மதியம் 1 டாலர் 90, ஸ்நாக் 26 செண்ட். இதே டயர் 1-னா 1.66, 3.15, 93 செண்ட். ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் பாலும் வச்சா 26 செண்ட் எங்க போச்சுன்னு தெரியாது. உங்களுக்கு நாலு பசங்க, ஒரு நாளைக்கு ரெண்டு சாப்பாடு ஒரு ஸ்நாக் தான் அதிகபட்சம், ஆளுக்கு 2.76, மாசம் 20 நாள்னு வச்சா மொத்தமா 220 டாலர் சொச்சம். டயர் 1-ல இருந்தா அதே வேலைக்கு 459. சமைக்கிற சாம்பார் ஒண்ணு, எழுதற ஃபாரம் ஒண்ணு, ஜிப் கோட் மாறினா காசு பாதி, இதுல என்ன நியாயம்னு எனக்கு இன்னும் புரியல.

இதுக்கு தினமும் மெனு எழுதணும், யார் யாருக்கு எந்த வேளை குடுத்தோம்னு அன்னன்னிக்கே போடணும், என்ரோல்மெண்ட் ஃபாரம் வருஷா வருஷம் பெத்தவங்க கையெழுத்து, எல்லாத்தையும் மூணு வருஷத்துக்கு எடுத்து வைக்கணும். எங்க ஸ்பான்சர்ல இருந்து வருஷத்துக்கு மூணு விசிட், அதுல ரெண்டு சொல்லாம கொள்ளாம வருவாங்க, கரெக்டா ஒரு பிள்ளை வாந்தி எடுத்து இன்னொண்ணு அழுதுட்டு இருக்கற நேரமா பாத்து பெல் அடிக்கும். ஒரு தடவை அன்னிக்கு காலை எண்ணிக்கை எழுதலைன்னு அந்த வேளைய க்ளெய்ம்ல இருந்து அடிச்சுட்டாங்க. பிள்ளைங்க சாப்ட்டு முடிச்சு தட்டு சிங்க்ல கிடக்கு, அதெல்லாம் அவங்களுக்கு சாட்சி இல்ல. அதோட விட்டுட்டோம்.

உங்க பொண்ணுக்கும் க்ளெய்ம் பண்ணலாம்னு நெனைக்காதீங்க, வீட்டு வருமானம் வறுமைக் கோட்டுல 185 பர்சென்ட்டுக்குள்ள இருந்தாதான் சொந்தப் பிள்ளைக்கு குடுப்பாங்க, மூணு பேர் வீட்டுக்கு 2024-25-ல அது 47,767 டாலரா இருந்துச்சு. ஃப்ரிஸ்கோல வீடு வச்சிருக்கவங்களுக்கு அது எங்க!


தேன்மிட்டாய்_டெக்சஸ்

ரெண்டு பேருக்கும் நன்றி. அக்கா உங்க அரிசி விஷயம் படிச்சதும் ஓடிப் போய் பைய பாத்தேன், ஒண்ணும் போடல 😩 20 பவுண்டு மூட்டை போன வாரம்தான் வாங்கினது, சரி நாங்க ரெண்டு பேரும் தின்னு தீக்கறோம்.

மணி அண்ணா நீங்க சொன்ன 220 டாலர் கணக்கு பாத்தா, மாசம் மளிகைல அது பாலும் பழமும் வந்த மாதிரி ஆச்சே, எனக்கு அது சின்ன காசா தெரியல. ஆனா எழுதற வேலைக்கு தினம் எவ்வளவு நேரம் போகும்? ஸ்பான்சர் அதுல கமிஷன் எடுப்பாங்களா? அப்புறம் இப்ப நான் மாச ஃபீஸ் தவிர ஃபுட் சார்ஜுன்னு தனியா 40 டாலர் வாங்கறேன் அத தொடரலாமா? க்ரீன் கார்டு கேள்விக்கு யாராவது பதில் சொன்னா என் வீட்டுக்காரர்கிட்ட காட்டிடுவேன், மனுசன் நேத்து ராத்திரி வரைக்கும் அதையேதான் பேசிட்டு இருந்தாரு.


கொங்கு_கணக்கர்

அம்மிணி, நான் டேகேர் நடத்தறதில்லைங்க, ஆனா சின்ன பிசினஸ்காரங்களுக்கு டேக்ஸ் வேலை பாக்கறேன், இதுல நாலஞ்சு டேகேர் வீடும் இருக்குது. ஒவ்வொண்ணா சொல்றேனுங்க.

ஸ்பான்சர் உங்க காசுல கை வைக்க மாட்டாங்க, வீட்டு டேகேர்களுக்கு அவங்க நிர்வாகச் செலவு தனியா அரசாங்கத்துல இருந்து வருது. ஃபுட் சார்ஜ் தனியா வாங்கக் கூடாதுங்க, ப்ரோக்ராம்ல சேந்தா பிள்ளைங்களுக்கு சாப்பாட்டுக்குன்னு பிரிச்சு காசு வாங்க முடியாது. மொத்த மாச ஃபீஸ் எவ்வளவு வைக்கறதுங்கறது உங்க இஷ்டம், அதுல யாரும் தலையிட மாட்டாங்க. ஆக நாலு பேருகிட்ட 40 டாலர்னா 160 போகுது, 220 வருது, அத நெனச்சு முடிவு பண்ணிக்குங்க.

க்ரீன் கார்டு விஷயம். பப்ளிக் சார்ஜ்னு, அதாவது அரசாங்கத்துக்கு பாரமா இருப்பாங்கன்னு க்ரீன் கார்ட மறுத்துருவாங்கன்னு உங்க வீட்டுக்காரர் பயப்படறது நியாயம்தான், 2019-ல வந்த ரூல்ல ஃபுட் ஸ்டாம்ப் எல்லாம் சேத்தாங்க, அதுல பயந்து போன குடும்பங்க ஏராளம். அது 2021-லயே போயிருச்சுங்க. 2024 நிலவரப்படி நடப்புல இருக்கறது 2022 டிசம்பர்ல அமலுக்கு வந்த ரூல், அதுல பாக்கறது மாசாமாசம் கைல வாங்கற கேஷ் உதவியும், அரசு செலவுல நீண்ட நாள் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல தங்கறதும்தான். ஸ்கூல் சாப்பாடு, டேகேர் சாப்பாடு, ஃபுட் ஸ்டாம்ப் எதுவும் அதுல இல்ல. உங்களுக்கு வர்றது உதவித்தொகையே இல்லைங்க, நீங்க பண்ற தொழிலுக்கு வர்ற வருமானம், ஷெட்யூல் சி-ங்கற தொழில் வருமான ஃபாரத்துல போட்டு வரி கட்டப் போறீங்க. வர்ற பிள்ளைங்களோட விசா என்னன்னும் யாரும் கேக்கறதில்ல. உங்க கேஸ்ல வேற சிக்கல் ஏதும் இருந்தா மட்டும் லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

இனி முக்கியமான ஒண்ணு, இத நெறைய பேர் விட்டுடறாங்க. டேக்ஸ்ல சாப்பாட்டுச் செலவுக்கு பில்லு பில்லா சேத்து வைக்க வேண்டியதில்ல, ஐஆர்எஸ் (வரித் துறை) ஒரு ஸ்டாண்டர்டு ரேட் வச்சிருக்குது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு காலை, ஒரு மதியம், ஒரு ராத்திரி, மூணு ஸ்நாக் வரைக்கும் அந்த ரேட்ல கழிச்சுக்கலாம். அந்த ரேட் இதே ஃபுட் ப்ரோக்ராமோட டயர் 1 ரேட்டுல இருந்து எடுத்ததுங்க. நீங்க டயர் 2-ல இருந்தாலும் சரி, ப்ரோக்ராம்ல சேராமயே இருந்தாலும் சரி, கழிக்கறது டயர் 1 ரேட்தான். ஆக ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் 2.76 குடுக்குது, நீங்க கழிக்கறது அஞ்சரை டாலருக்கு மேல. சொந்தப் பிள்ளைக்கு மட்டும் கழிக்க முடியாது. இதுக்கு வேணுங்கறது என்ன, எந்த நாள் எந்தப் பிள்ளைக்கு எந்த வேளைங்கற ரெக்கார்டு, அத எப்படியும் ஃபுட் ப்ரோக்ராமுக்கு எழுதத்தானே போறீங்க. மணி அண்ணன் வீட்டுல எழுதறது நிக்கும்போது இதையும் சேத்து நிறுத்தலையேன்னு பாத்துக்குங்க 🙂

டயர்ல என்ன நியாயம்னு மணி அண்ணன் கேட்டாரே, அந்தக் கதை. இந்த திட்டம் 1968-ல சோதனையா ஆரம்பிச்சது, 1978-ல நிரந்தரம் ஆச்சு. வீட்டு டேகேர்களுக்கு ரொம்ப காலம் ஒரே ரேட்தாங்க. 1996-ல கிளிண்டன் கையெழுத்து போட்ட வெல்ஃபேர் சட்டத்துல செலவ குறைக்கறதுக்குன்னு ரெண்டா பிரிச்சாங்க, 1997 ஜூலைல இருந்து டயர் 1 டயர் 2. பக்கத்து ஸ்கூல்ல பாதி பிள்ளைங்களாவது இலவச இல்ல சலுகை விலை சாப்பாட்டுக்கு தகுதியா இருந்தா அந்த ஏரியா டயர் 1, இல்லாட்டி நடத்தறவங்க வீட்டு வருமானம் கம்மியா இருக்கணும். கோவிட் சமயத்துல எல்லாருக்கும் டயர் 1 ரேட் குடுத்துப் பாத்தாங்க, 2023 ஜூன் மாசத்தோட அது முடிஞ்சுது. அந்த ருசி கண்டவங்களுக்குத்தான் இப்ப ரொம்ப கசக்குது.

உங்க டேகேர்ல வருமானம் கம்மியான குடும்பத்துப் பிள்ளை யாராவது சேந்தா, டயர் 2 வீடா இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் டயர் 1 ரேட் கிடைக்கும். அவங்க வருமான ஃபாரத்த நேரா ஸ்பான்சருக்கே அனுப்பிக்கலாம், நீங்க பாக்கவே வேண்டாம்.


எடிசன்_மாம்பலம்

த்ரெட் தலைப்பு டேகேர்னு பாத்து உள்ள வந்தேன், இங்க யாரும் அந்த "அடல்ட்" பாதிய பத்தி பேசலையேப்பா. நான் நியூ ஜெர்சில ஒரு அடல்ட் டே சென்டர் கிச்சன்ல வேலை பாக்கறேன். காலைல வேன் போய் தாத்தா பாட்டிங்கள கூட்டிட்டு வரும், பாதி குஜராத்தி, மிச்சம் தெலுங்கு தமிழ் பஞ்சாபி. 60 வயசு ஆனவங்க, இல்லன்னா வயசு கம்மியா இருந்தாலும் உடம்பு முடியாதவங்க, ராத்திரி வீட்டுக்கு திரும்பிப் போறவங்களா இருக்கணும், முதியோர் ஹோம்லயே தங்கறவங்களுக்கு இல்ல. 1987-ல தான் பெரியவங்கள இதுல சேத்தாங்க, அதுக்கு முன்னாடி வெறும் சைல்ட் கேர் ஃபுட் ப்ரோக்ராம். பிரைவேட் சென்டர்னா வர்றவங்கள்ல கால்வாசி பேராவது மெடிக்கெய்ட் (வருமானம் கம்மியானவங்களுக்கு அரசு மருத்துவ உதவி) மாதிரி உதவில இருக்கணும். சென்டருக்கு ரேட் வேற, டயர் எல்லாம் இல்ல, ஆள் ஆளுக்கு வருமானத்த பாத்து மூணு ரேட், இலவச கேட்டகரில மதிய சாப்பாட்டுக்கு நாலரை டாலர் கிட்ட வரும், வசதி இருக்கறவங்களுக்கு அரை டாலர் கூட வராது.

அங்க அக்கா சொன்ன பால் கதை எங்களுக்கு தலைவலியே இல்ல. பெரியவங்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு வேளை பாலுக்கு பதிலா தயிர் குடுக்கலாம், ஒரு கப் பாலுக்கு 6 அவுன்ஸ் தயிர். மதிய சாப்பாட்டோட ஒரு டம்ளர் பால குடின்னு எங்க பாட்டிங்ககிட்ட சொன்னா மூஞ்சிய பாக்கணுமே. கடைல விக்கற கல்ச்சர்டு பட்டர்மில்க் கூட பால் கணக்குல வரும், நாம கரைச்சு பெருங்காயம் போட்ட மோர் வராது, அது சும்மா எக்ஸ்ட்ரா.

இன்னொரு சலுகை, பெரியவங்களுக்கு எல்லாத்தையும் தட்டுல வச்சே ஆகணும்னு இல்ல. பால், மீட், காய், பழம், கிரெய்ன்னு அஞ்சு வகையும் இருக்குன்னு காட்டணும், அவங்க மூணு எடுத்துக்கிட்டா போதும், க்ளெய்ம் செல்லும். ஏகாதசி அன்னிக்கு இது எவ்வளவு பெரிய வரம் தெரியுமா! சாதம் தொட மாட்டாங்க, பருப்பு தொட மாட்டாங்க, ஆனா தயிர், பழம், உப்பு போடாத உருளைக்கிழங்குன்னு மூணு வந்துடும். எங்க மேனேஜர் வெள்ளைக்காரர், அவரு காலண்டர்ல ஏகாதசிக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு வச்சிருக்காரு, அன்னிக்கு உருளைக்கிழங்கு ஆர்டர் டபுள்.

தேன்மிட்டாய், உங்க மாமியார் மாமனார் இங்க வந்து இருந்தாங்கன்னா இந்த பக்கமும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. குழந்தைங்களுக்கு இந்த மூணு எடுத்தா போதும்ங்கறது உங்க மாதிரி டேகேர்ல கிடையாது, எல்லா வகையும் பரிமாறியே ஆகணும்.


ப்ளேனோ_மணி

கணக்கரே, ஸ்டாண்டர்டு ரேட் டயர் 1-ங்கறது எங்களுக்கு யாருமே சொல்லல!! எங்க டேக்ஸ் ஆளு கடை பில்ல கூட்டித்தான் போட்டாரு. வீட்ல இப்ப ஒரே விசாரணை.

ஆனாலும் நான் சொன்னத வாபஸ் வாங்கல, டயர் 2 ரேட்ட பாத்தா இந்த ப்ரோக்ராமுக்கு நாம வேண்டாதவங்கன்னுதான் தோணும். ஃப்ரிஸ்கோ பிள்ளைக்கும் இர்விங் பிள்ளைக்கும் வயிறு ஒண்ணுதான், பால் விலையும் ஒண்ணுதான்.


இர்விங்_அக்கா

மணி தம்பி, என் ஏரியா டயர் 1, அதனால நான் பேசறது ஈசின்னு நீங்க நெனைக்கலாம். இங்க வர்ற பிள்ளைகள்ல சிலதுக்கு எங்க வீட்டுச் சாப்பாடுதான் அன்னிக்கு ஒழுங்கான சாப்பாடு, திங்கக்கிழமை காலைல தட்ட வச்ச வேகத்துக்கு காலியாகறத பாத்தாலே தெரியும். கூட காசு அங்க போகட்டும், அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா 26 செண்ட் ஸ்நாக்குங்கறது கேவலம்தான், அதுல உங்க பக்கம்தான் நான்.

தேனு, எழுதற வேலைய பத்தி கேட்டல்ல. ஃபோன் ஆப் இருக்கு, கிட்கேர்னு நெறைய ஸ்பான்சர் அததான் குடுக்கறாங்க, மெனுவ மொதல்லயே போட்டு வச்சிட்டா பிள்ளைக பேர தட்டித் தட்டி விட வேண்டியதுதான். பிள்ளைக கை கழுவிட்டு உக்காரும்போதே தட்டிரு, மதியம் தூங்க வச்சிட்டு பாத்துக்கலாம்னு விட்டா மறந்துரும். மெனு ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா போட்டு சுத்தி விடு. திங்கள் கடைஞ்ச பருப்பு, செவ்வாய் ராஜ்மா, புதன் சுண்டல், வியாழன் டோஃபு புர்ஜி, வெள்ளி சீஸ் வச்ச கோதுமை தோசை, இப்படி ஒரு சுத்து இருந்தா அஞ்சு வகைக்குதான் லேபிளும் ரெசிபியும் சேத்து வைக்கணும். டோஃபு வாங்கும்போது பாக்கெட்டுல புரோட்டீன் பாரு, 2.2 அவுன்ஸுக்கு 5 கிராம் இருக்கணும், ரொம்ப மெதுவா இருக்கற சில்க்கன் டோஃபு சிலது அதுல தவறிரும்.

கீரை மசியல்ல பருப்ப சேத்துப் போட்டா எது எவ்வளவுன்னு கேப்பாங்க, ரெசிபி இல்லாட்டி தனித்தனியா வச்சிரு. பால் ஒத்துக்காத பிள்ளை வந்தா சோயா பால் குடுக்கலாம், பாலுக்கு ஈடான சத்து இருக்கற வகையா பாத்து வாங்கணும், அம்மாவோ அப்பாவோ எழுதிக் குடுத்தா போதும். பாதாம் பாலுன்னா டாக்டர் பேப்பர் வேணும். பின்னாடி கைக்குழந்தை யாராச்சும் சேந்தா, தாய்ப்பால் பாட்டில் குடுத்து விட்டாலும் அது க்ளெய்ம்ல வரும், அம்மாவே வந்து உக்காந்து குடுத்துட்டு போனாலும் வரும்.


தேன்மிட்டாய்_டெக்சஸ்

அக்கா நான் இத அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டப் போறேன். கணக்கர் அண்ணா பதில வீட்டுக்காரர் ரெண்டு தடவை படிச்சாரு, "ஷெட்யூல் சி வருமானம்னா சரி"ன்னு சொல்லிட்டு போய் கிரிக்கெட் பாக்கறாரு, அது சம்மதம்தான்.

அந்த 40 டாலர் ஃபுட் சார்ஜ எடுத்துட்டு ஜனவரில இருந்து மாச ஃபீஸ கொஞ்சம் ஏத்தலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி அக்டோபர்ல சேந்துடலாம்னு ஸ்பான்சர்கிட்ட ஃபாரம் கேட்டுட்டேன். தயிர்சாத பையனோட அம்மாகிட்டயும் பேசினேன், "நீங்களே பிசைஞ்சு குடுங்க ஆனா அவனுக்கு மாதுளம்பழம் போட்டாதான் இறங்கும்"னாங்க, மாதுளம் பழக் கணக்குல வந்துடும் இல்ல?

கடைசியா ஒண்ணு, கேழ்வரகு மாவு வீட்ல நிறைய இருக்கு, ராகி தோசை கிரெய்ன்ல வருமா?


இர்விங்_அக்கா

மாதுளை வரும், கால் கப் அளந்து போடு, மேல நாலு முத்து தூவினா அது அலங்காரம். ராகி முழு தானியம்தான், சலிச்சு உமி எடுத்த மாவா இல்லாம முழுசா அரைச்ச மாவான்னு பாக்கெட்ல பாரு, மத்தபடி இட்லி மாதிரியே ரெசிபி எழுதி கிராம் கணக்கோட ஸ்பான்சருக்கு மொதல்ல அனுப்பி ஓகே வாங்கிரு. கூட சாதா வெள்ளை அரிசி மாவு கலந்தேன்னா அந்தப் பங்கு கணக்குல வராது. என் ரெசிபி தர்றேன், இன்பாக்ஸ்ல ஒரு ஹாய் போடு.